முதல் இரண்டு இரவுகள்

கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் லடாக் பேக்கேஜ் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. பெரும்பாலும் ஆறு நாள், ஏழு நாள் திட்டங்கள். முதல் நாள் லே நகரில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பது. இரண்டாம் நாள் திக்சே, ஹெமிஸ் மடாலயங்கள். மூன்றாம் நாள் கர்துங் லா கணவாயைக் கடந்து நுப்ரா. அடுத்து பாங்கோங் ஏரிக்கரையில் கூடாரத் தங்கல். தென்னிந்தியச் சாப்பாடு, தமிழ் பேசும் வழிகாட்டி, ஓட்டல் எத்தனை நட்சத்திரம், தலைக்கு எவ்வளவு என்பதெல்லாம் தெளிவாக எழுதியிருக்கும். ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் படுத்துத் தூங்கப் போகிறோம் என்பது மட்டும் அநேகமாக எழுதப்பட்டிருக்காது. அந்த விளம்பரத்தில் உயிர் சம்பந்தப்பட்ட தகவல் அதுதான்.

தாம்பரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையம் இன்னும் தாழ்வு, 16 மீட்டர். லே விமான நிலையம் 3,256 மீட்டர். நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர். மாலையில் ஜிஎஸ்டி சாலைப் புழுக்கத்தில் டாக்சி ஏறியவர், டெல்லியில் விமானம் மாறி, மறுநாள் காலைப் பலகாரத்துக்கு லே நகரில் இருக்கலாம். ஒரே இரவில் மூன்றரை கிலோமீட்டர் உயரம். உயர்மலை மருத்துவத்தில் உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல்களை வெளியிடுகிற வில்டர்னஸ் மெடிக்கல் சொசைட்டி, ஒரே நாளில் 3,500 மீட்டருக்கு மேல் ஏறுகிற எவரையும் அதிக ஆபத்துப் பிரிவில் வைக்கிறது. வயது, உடற்கட்டு, முன் அனுபவம் எதுவும் இந்தக் கணக்கில் சலுகை தருவதில்லை. லே நகரம் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

“நாங்கள் பார்க்காத மலையா, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருஷா வருஷம் போகிறோமே” என்று சொல்பவர்கள் நம்மில் அதிகம். ஊட்டி 2,240 மீட்டர். கொடைக்கானல் அதைவிடச் சற்றுத் தாழ்வு. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். மலை நோய் கணிசமாகத் தலைகாட்டத் தொடங்கும் உயரமாக மருத்துவர்கள் கொள்வது ஏறத்தாழ 2,500 மீட்டர். ஆக, நம் ஊர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த மலை அனுபவம் அநேகமாக எல்லாமே ஆபத்து தொடங்கும் கோட்டுக்குக் கீழேயோ அதை ஒட்டியோ முடிந்துவிடுகிறது. திருக்கழுக்குன்றத்தின் ஐந்நூறு சொச்சம் படிகளை மூச்சிரைக்காமல் ஏறுபவருக்கு முழங்காலும் இதயமும் திடமாக இருக்கின்றன என்று சொல்லலாம். குறைந்த ஆக்சிஜனில் அவர் உடல் என்ன செய்யும் என்பதை அந்தப் படிகள் சொல்லாது.

மேலே ஆக்சிஜன் ‘இல்லை’ என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். காற்றில் அதன் விகிதம் எங்கும் ஒன்றுதான், ஏறத்தாழ 21 சதவீதம். குறைவது காற்றின் அழுத்தம். லே உயரத்தில் அது கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. கர்துங் லாவில் பாதியைச் சற்றே தாண்டும். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜன் அதே விகிதத்தில் குறைகிறது. உடல் உடனே வேகமாக மூச்சு வாங்கிச் சமாளிக்கப் பார்க்கிறது. வேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதைக் கண்டு மூளையின் சுவாச மையம் மூச்சுக்குக் கடிவாளம் போடுகிறது, குறிப்பாகத் தூக்கத்தில். அதனால்தான் முதல் இரவுகளில் பலருக்கு மூச்சு சில வினாடி நின்று, பிறகு திடுக்கிட்டு வாங்குகிறது. இந்த முடிச்சைச் சிறுநீரகங்கள்தான் அவிழ்க்க வேண்டும். ரத்தத்தில் மிகுந்த பைகார்பனேட்டை அவை சிறுநீரில் வெளியேற்றிய பிறகே மூச்சு தாராளமாகிறது. இதற்கு இரண்டு முதல் நான்கு நாட்கள் ஆகின்றன. யோகாசனம் செய்பவருக்கும் மாரத்தான் ஓடுபவருக்கும் அதே நாட்கள்தான். உடற்பயிற்சி செய்கிற இளைஞர்கள் தங்கள் திராணியை நம்பி முதல் நாளே கோட்டைப் படிகளில் ஓடி ஏறி, மற்றவர்களுக்கு முன்பே படுத்துவிடுவதும் உண்டு.

இதை விலை கொடுத்துக் கற்ற நாடு நம்முடையது. 1962 சீனப் போரின்போதும் அதன் பின்னும் சமவெளியிலிருந்து ஆயிரக்கணக்கான படைவீரர்கள் விமானத்திலும் லாரியிலும் அவசரமாக மேலே கொண்டுசெல்லப்பட்டார்கள். எதிரியின் குண்டு படாமலேயே பலர் நுரையீரலில் நீர் கோத்தும் மூளை வீங்கியும் விழுந்தார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் இவர்களில் 1,925 பேரின் நோய்க்குறிகளைத் தொகுத்து 1969-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் கட்டுரையாக வெளியிட்டார்கள். மலை நோயைப் பற்றி உலகம் இன்றும் மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் அது ஒன்று.

இன்று இந்திய ராணுவம் ஒரு வீரரை எப்படி மேலே அனுப்புகிறது என்று பாருங்கள். 2,700 முதல் 3,600 மீட்டர் வரை உள்ள இடத்தில் ஆறு நாள். அதில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. பிறகு 3,600 முதல் 4,500 வரை நான்கு நாள். 4,500-க்கு மேல் மேலும் நான்கு நாள். மொத்தம் பதினான்கு நாள். இருபத்தைந்து வயதில், மருத்துவச் சோதனையில் தேறிய, தினமும் ஓடுகிற உடலுக்கு இந்த ஒழுங்கு. அறுபது வயதில், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, நங்கநல்லூரிலிருந்து புறப்படும் ஒரு ஓய்வுபெற்ற ஊழியரை மூன்றாம் நாளே 5,359 மீட்டர் கணவாய்க்குக் கொண்டுபோகிற திட்டம் எந்தக் கணக்கில் போடப்பட்டது? அலுவலக விடுப்புக் கணக்கில். ஐந்து வேலை நாள் விடுப்பு, முன்னும் பின்னும் சனி ஞாயிறு. டூர் நடத்துபவரை மட்டும் இதற்குக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் சும்மா இருக்கும் திட்டத்தை அவர் போட்டால், அதே விலையில் இன்னும் இரண்டு இடம் காட்டுகிறவரிடம் நாம் போய்விடுகிறோம்.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: மடாலயங்களைப் பார்ப்பதற்காகப் போகிறவர்கள் இந்த அவசரத்தில் மாட்டிக்கொள்ளவே தேவையில்லை. இமயத்தின் பழம்பெரும் மடாலயங்கள் பலவும் ஆறு ஓடி, பார்லி விளைந்து, மக்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளில் எழுந்தவை. லே நகரிலிருந்து சிந்து நதியோடு மேற்கே எழுபது கிலோமீட்டர் அளவு இறங்கினால் அல்ச்சி வருகிறது. உயரம் ஏறத்தாழ 3,100 மீட்டர், அதாவது லே நகரைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு. காஷ்மீரத்து ஓவியர்கள் தீட்டிய அதன் சுவரோவியங்களுக்கு ஈடான காட்சி லடாக்கில் வேறெங்கும் இல்லை. அரை நாள் நின்று பார்க்க வேண்டிய இடம். பேக்கேஜ்களில் அது கடைசி நாளில் ஒரு மணி நேரத்துக்கு வருகிறது, அல்லது வருவதே இல்லை. லே விமான நிலையத்திலிருந்து நேரே அல்ச்சி பக்கம் இறங்கி முதல் இரண்டு இரவுகளை அங்கே கழித்துவிட்டு, பிறகு லே நகருக்கு வந்து திக்சே, ஹெமிஸ் பார்த்தால், உடலுக்கும் நல்லது, கண்ணுக்கும் நிறைவு. திக்சே மடாலயத்தின் பன்னிரண்டு அடுக்குகளை மூன்றாம் நாள் நிதானமாக ஏறுவதும், முதல் நாள் மதியம் ஏறுவதும் ஒன்றல்ல.

ஸ்பிதி பள்ளத்தாக்கிலும் இதே நிலைதான். அங்கே தாபோ மடாலயம் பொ.ஆ. 996-ல் நிறுவப்பட்டது. தஞ்சையில் முதலாம் ராஜராஜன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. நாகப்பட்டினத்து சூடாமணி விகாரத்துக்கு அவன் ஆனைமங்கலத்தைக் கொடையாகக் கொடுத்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். நாகையின் பௌத்தக் கட்டடங்களில் கடைசியாக நின்ற கோபுரம் 1867-ல் இடிக்கப்பட்டுவிட்டது. தாபோவின் மண் சுவர்களோ 1975 கின்னௌர் நிலநடுக்கத்தையும் தாங்கி, உள்ளே ஆயிரமாண்டு ஓவியங்களோடு நிற்கின்றன. தமிழ்நாட்டில் நாம் இழந்துவிட்ட ஒன்றின் சமகாலத்துத் தோழன் என்ற முறையில் அதைப் போய்ப் பார்க்கத் தமிழர்களுக்குத் தனியான காரணம் இருக்கிறது. அதன் உயரம் சுமார் 3,280 மீட்டர். ஸ்பிதியின் பெரிய ஊரான காசாவைவிடத் தாழ்வு.

ஆனால் ஸ்பிதிக்கு இரண்டு வாசல்கள். சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகப் போனால் சிம்லா 2,200, கல்பா ஏறத்தாழ 2,900, தாபோ 3,280, காசா ஏறத்தாழ 3,650 என்று இரவுத் தங்கல்கள் படிப்படியாக உயர்கின்றன. மணாலி வழியாகப் போனால் 2,050 மீட்டரில் காலையில் புறப்பட்டு, 4,550 மீட்டர் குன்சும் கணவாயைக் கடந்து, இருட்டும்போது காசாவில் இறங்கலாம். அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறந்ததிலிருந்து இந்த வழி இன்னும் சுலபமாகிவிட்டது. சிலர் காசாவுக்குக்கூடப் போகாமல் வழியில் 4,200 மீட்டருக்கு மேலுள்ள சந்திரதால் ஏரிப் பக்கம் கூடாரத்தில் முதல் இரவைக் கழிக்கிறார்கள். மணாலியிலிருந்து ஒரே தாவலில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கொரு முறை கூடுதலாக ஓர் இரவு அதே இடத்தில் தங்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். மணாலி வழி அந்த வழிகாட்டுதலை முதல் நாளே மீறுகிறது. ஸ்பிதி போகிறவர்கள் கின்னௌர் வழியாக ஏறி, வேண்டுமானால் மணாலி வழியாக இறங்க வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுத் தரும் திட்டத்தை ஏற்காதீர்கள். கீ மடாலயம் 4,166 மீட்டரிலும் கோமிக் 4,500-க்கு மேலும் இருக்கின்றன. காசாவில் இரண்டு இரவு கழிந்த பின், பகலில் போய்விட்டு இரவுக்குள் திரும்பிவிடும் இடங்களாக அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

பகலில் உயரத்தைத் தொட்டுவிட்டு வருவதும் உயரத்தில் படுத்துத் தூங்குவதும் வெவ்வேறு. தூக்கத்தில் மூச்சு மந்தமாகி ரத்தத்தில் ஆக்சிஜன் மேலும் இறங்குகிறது. அதனால்தான் கர்துங் லாவில் இருபது நிமிடம் நின்று படம் எடுத்துக்கொள்வதைவிட, 4,200 மீட்டருக்கு மேலுள்ள பாங்கோங் கரையில் ஓர் இரவு படுப்பது பலருக்குக் கடுமையான சோதனையாகிறது. நுப்ராவில் திஸ்கித் மடாலயம் இருக்கும் பகுதி லே நகரைவிடத் தாழ்வானது. அங்கே தூங்குவதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் எங்கே என்றால், நோய் வந்துவிட்டால் வெளியேறும் வழியில்.

மலை நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. 300 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரை இறங்கினாலே பலருக்குத் தெளிந்துவிடும். கொடைக்கானலில் உடம்பு சரியில்லை என்றால் வத்தலக்குண்டு வரை வண்டியை விட்டால் போதும். எந்த வளைவில் திரும்பினாலும் பாதை இறங்கிக்கொண்டே இருக்கும். லடாக்கில் அப்படியில்லை. பாங்கோங் கரையில் நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால், லே மருத்துவமனைக்குப் போக முதலில் 5,300 மீட்டருக்கு மேலுள்ள சாங் லா கணவாயை ஏறித்தான் கடக்க வேண்டும். இருக்கிற உயரமே தாங்காதவரை இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே கொண்டுபோய் இறக்க வேண்டும். நுப்ராவிலிருந்து வந்தால் கர்துங் லா. லே நகரிலிருந்தே சாலை வழியாக மணாலி பக்கம் போனால் 5,300 மீட்டர் உயரத்தில் தங்லங் லா. ஸ்ரீநகர் பக்கம் போனால் 4,108 மீட்டர் ஃபோட்டு லா. லே நகரில் இருப்பவர் ஏறாமல் இறங்கச் சிந்து நதியோரம் மேற்கே கால்சே பக்கமாகப் போக வேண்டும், அல்லது காலை விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். லே விமானங்கள் பெரும்பாலும் காலை வேளையிலேயே இயங்குகின்றன. வானிலை கெட்டால் அதுவும் இல்லை. ஹன்லே கிராமத்துக்கு நட்சத்திரம் பார்க்கப் போகும் இளைஞர்கள் இப்போது அதிகம். அங்குள்ள மடாலயமும் வானாய்வகமும் பார்க்க வேண்டியவையே. ஆனால் அந்தக் கிராமமே 4,200 மீட்டருக்கு மேல். லே மருத்துவமனை முழுநாள் பயணத் தூரம். மற்ற ஊர்களில் தங்கிப் பழகிய பின், திட்டத்தின் கடைசிப் பகுதியில் வைக்க வேண்டிய ஊர் அது.

நம் பகுதியிலிருந்து முதியவர்கள் அதிகம் போகிற இமயப் பள்ளத்தாக்கு லடாக் இல்லை, நேபாளத்தின் முக்திநாத். திருநீர்மலைக்கு மாதந்தோறும் போகிறவர்கள், நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் பூவுலகில் உள்ள நூற்றாறையும் சேவித்து முடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், சாளக்கிராமம் என்று போற்றப்படும் அந்த இடத்தைப் பெரும்பாலும் கடைசியில் வைத்திருக்கிறார்கள். எழுபதைத் தாண்டிய பிறகுதான் அந்தப் பயணம் கைகூடுகிறது. பௌத்தர்களுக்கும் அது புனிதத் தலம். வைணவர்கள் தீர்த்தமாடும் வளாகத்திலேயே பௌத்த மடாலயங்களும் இருக்கின்றன. உயரம் 3,700 மீட்டருக்கு மேல். 800 மீட்டர் உயரத்திலுள்ள போக்கராவில் காலையில் சிறு விமானம் ஏறி, ஏறத்தாழ 2,700 மீட்டரிலுள்ள ஜோம்சோமில் இறங்கி, ஜீப்பில் முக்திநாத் போய்விடுகிறார்கள். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்குப் பின் காற்று பலமாக வீசுவதால் விமானங்கள் காலையில் மட்டுமே. ஒரு நாள் விமானம் ரத்தானால், ஓய்வுக்கென்று வைத்திருந்த நாளைத்தான் குழுத் தலைவர் முதலில் வெட்டுவார்.

அங்கே நம்மவர்களின் பக்தியே சில ஆபத்துகளைக் கூட்டுகிறது. தரிசனம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பருகாத விரதம். நூற்றெட்டுத் தாரைகளின் உறைகுளிர் நீரில் நனைந்தபடி ஓட்டம், பிறகு குளத்தில் முழுக்கு. குளிர் நுரையீரல் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அங்கே அழுத்தத்தைக் கூட்டுகிறது. குறைந்த ஆக்சிஜனும் அதையேதான் செய்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் இதய நோயாளி ஒருவர் படியேறி மூச்சு வாங்க நிற்கிறார். நேபாளத்தின் புத்த பஸ்ன்யாத் என்ற மருத்துவர், 4,300 மீட்டர் அளவு உயரத்திலுள்ள கோசாயின்குண்ட ஏரிக்கு வந்த யாத்திரிகர்களை ஆராய்ந்து 2000-ல் வெளியிட்ட கட்டுரையில், மூன்றில் இரண்டு பங்கினருக்கு மலை நோய் இருந்ததைக் காட்டினார். மலையேற்றக்காரர்கள் நிதானமாக ஏற, யாத்திரிகர்கள் திருநாளைப் பிடிக்க விரைகிறார்கள்.

முக்திநாத்தில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது: இறங்குவது சுலபம். அங்கே இரவு தங்காமல், முந்தின இரவை ஜோம்சோமிலோ மார்ஃபாவிலோ கழித்து, பகலில் தரிசித்துவிட்டுத் திரும்பிவிட்டால் ஆபத்து பெருமளவு குறைகிறது. தலையில் நீரைத் தெளித்துக்கொண்டால் போதும் என்று பெரியவர்களிடம் சொல்லும் தைரியம் கூடப் போகிற பிள்ளைகளுக்கு வேண்டும். கைலாய யாத்திரை இதைவிடப் பல படி கடினம். பரிக்கிரமாவில் கடக்கும் தோல்மா லா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல். அதை இந்தக் கட்டுரைக்குள் அடக்கிச் சொல்வது பொறுப்பாகாது.

கையோடு கொண்டுபோகிற பொருட்களைப் பற்றிக் கொஞ்சம். கற்பூரத்தைத் துணியில் கட்டி முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்ற நம்பிக்கை எல்லா யாத்திரைக் குழுக்களிலும் இருக்கிறது. மூக்கில் குளிர்ச்சி தெரியும், மூச்சு திறந்தது போலிருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு துளியும் கூடாது. ஓமியோபதிக் கோகா உருண்டைகளும் பூண்டு சூப்பும் காக்கும் என்பதற்கும் சான்று இல்லை. கடைகளில் விற்கும் ஆக்சிஜன் டப்பா இன்னொரு பொய்த் தெம்பு. பத்து லிட்டர் கொண்ட டப்பா, நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் ஐந்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அப்போது 94-க்குக் கீழே போனால் பதறினோம். லே நகரில் முதல் நாள் 85 முதல் 90 வரை காட்டுவது சாதாரணம். குளிரில் விறைத்த விரலில் இன்னும் குறைத்துக் காட்டும். எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், எண் நன்றாக இருக்கிறதென்று தலைவலியைப் புறக்கணிக்கவும் வேண்டாம்.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரை (டயமாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும்) வேறு வகை. அது பைகார்பனேட்டை வெளியேற்றச் சிறுநீரகங்களைத் தூண்டுகிறது. அதாவது உடல் எப்படியும் செய்யப் போகிற வேலையைத்தான் விரைவுபடுத்துகிறது. நோய்க்குறியை மூடி மறைக்கும் மருந்து என்ற பயம் தவறு. பெரியவர்களுக்கு 125 மில்லிகிராம் வீதம் காலை, இரவு என ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவது வழக்கம். விரல் நுனிகள் மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லாம் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. மற்றவர்களும் கேட்டுவிட்டுச் சாப்பிடுவதே முறை. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம் இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக நம் தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இயங்குகிறது. நுரையீரல் பற்றிக் கேட்க மருத்துவர் இல்லாத ஊர் அல்ல இது. ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, இதய நோய், ரத்தசோகை, குறட்டையோடு மூச்சு நிற்கும் கோளாறு உள்ளவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கட்டிய பிறகு கேட்டால், காதில் விழுவது நாம் விரும்பும் பதிலாகத்தான் இருக்கும். சர்க்கரை நோயாளிகள், குளிரிலும் உயரத்திலும் குளுக்கோமீட்டர் தவறாகக் காட்டக்கூடும், இன்சுலின் உறைந்தால் பயனற்றுப்போகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நோய் எப்படி வரும்? போய்ச் சேர்ந்த ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி. கூடவே குமட்டல், தலைசுற்றல், அசதி. நம் வீடுகளில் இதற்குப் பித்தத் தலைவலி, வாயு, பயண அலுப்பு என்று பெயர் வைத்து, சுக்குக் காபி கொடுத்துப் படுக்க வைத்துவிடுவோம். உயரத்தில் வரும் தலைவலியை, வேறு காரணம் உறுதியாகும்வரை, மலை நோய் என்றே கொள்ள வேண்டும். அன்று அதற்கு மேல் ஓர் அடி ஏறக்கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் தூக்கத்தில் மூச்சை மேலும் அமுக்கும்; இரண்டும் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாள் ஓய்வில் சரியாகிவிடும்.

சரியாகாமல் முற்றினால் இரண்டு முகங்கள். ஒன்று, நுரையீரலில் நீர் கோப்பது. பெரும்பாலும் இரண்டாம் இரவு முதல் நான்காம் இரவுக்குள் வரும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், வறட்டு இருமல் தொடங்கும், பிறகு இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வரும், உதடு நீலம் பாரிக்கும். சளி பிடித்திருக்கிறது, காலையில் பார்க்கலாம் என்று விடும் அந்த இரவில்தான் உயிர் போகிறது. மற்றொன்று, மூளை வீக்கம். நடை தள்ளாடும், பேச்சு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். ஒரு காலின் குதிகாலை மற்றதன் விரல் நுனியில் ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் காலை வரை காத்திருக்க நேரம் இல்லை. ஒரே நாளுக்குள் நினைவிழந்து இறப்பது நடந்திருக்கிறது. இரண்டிலும் சிகிச்சை இறக்கமும் ஆக்சிஜனும். நிஃபெடிபின், டெக்ஸாமெத்தசோன் போன்ற மருந்துகள் நோயாளியைக் கீழே இறக்கும் வரை தாங்கிப் பிடிக்க, அவையும் தெரிந்தவர் கையால். லே நகரின் சோனம் நுர்பு நினைவு மருத்துவமனையில் இந்த நோயை அன்றாடம் பார்க்கிறார்கள். தலைவலி விடாதபோது அங்கே போய்க் காட்டுவதில் கூச்சம் வேண்டாம். குழந்தைகளுக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. சாப்பிட மறுத்து, சிணுங்கிக்கொண்டே, விளையாடாமல் சுருண்டு கிடந்தால் அதுவே குறி.

லடாக் நிர்வாகமே வருகிறவர்களை முதல் 48 மணி நேரம் ஓய்வெடுக்கச் சொல்கிறது. அதைத் திட்டத்தில் எழுத்தில் சேர்க்க டூர் நடத்துபவரிடம் சொல்லுங்கள். ஒவ்வோர் இரவுக்கும் எதிரே தூங்கும் உயரத்தை மீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள். பயணக் காப்பீட்டில் எந்த உயரம் வரை மீட்பு உண்டு, ஹெலிகாப்டர் செலவு சேருமா என்று பாலிசித் தாளில் பாருங்கள், முகவர் வாய்மொழியில் வேண்டாம்.

இன்னொன்று குழுவாகப் போகிறவர்களுக்கு. நம்மால் மற்றவர்கள் பயணம் கெடக்கூடாது என்று தலைவலியை மறைப்பவர்கள் நம்மில் மிக அதிகம், குறிப்பாகப் பெண்களும் முதியவர்களும். யாராவது இறங்க நேர்ந்தால் கூட இறங்கப் போவது யார் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்து எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். நோயாளி தனியாக இறங்கக்கூடாது. ஓட்டுநரோடு மட்டும் அனுப்பவும் கூடாது. ஒரே வேனில் பதினைந்து பேர் போகும்போது அந்த இருவருக்கு வேறு வண்டி வேண்டும். அதற்கான பணத்தை ஆளுக்குக் கொஞ்சமாகத் தாம்பரத்திலேயே வசூலித்து ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.